சூத்திரம்: சொல்லும் சுருக்கமும்

சூத்திரம் என்னும் சொல்லின் முதற்பொருள் இழை, அதாவது நூல். தைத்தல் என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து அது பிறந்தது. தைப்பதைக் குறிக்கும் லத்தீன், ஆங்கிலச் சொற்களும், அறுவை மருத்துவர் போடும் தையலைக் குறிக்கும் ‘சூச்சர்’ என்ற சொல்லும் இதே மூலத்தின் கிளைகள். சில எழுத்தில் பல பொருளை அடக்கிச் சொல்லும் வாக்கியம் என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. இந்தியாவின் இலக்கணம், சமயம், தத்துவம், அரசியல், கணிதம் ஆகிய துறைகள் பல நூற்றாண்டுகள் இந்த வடிவிலேயே எழுதப்பட்டதால், இன்று சூத்திரம் என்றதும் நினைவுக்கு வருவது இந்த இரண்டாம் பொருள்தான்.

இழை எப்படிச் சுருக்கத்தின் பெயரானது என்பதற்கு வேத இலக்கியத்தில் தடயம் கிடைக்கிறது. உயிர்கள் யாவும் ஓர் இழையில் கோக்கப்பட்டிருப்பதாக அதர்வ வேதம் உருவகிக்கிறது. அந்த இழைக்கும் உள்ளிழையாக ஒன்று உண்டு என்றும் பேசுகிறது. பிருகதாரண்யக உபநிடதத்தில் உத்தாலகர் யாக்ஞவல்கியரிடம் கேட்பதும் இந்த உலகையும் மறு உலகையும் கட்டி வைத்திருக்கும் சூத்திரம் எது என்பதைத்தான். அதே உபநிடதத்தின் வேறோர் இடத்தில், வேதங்களையும் பழங்கதைகளையும் அடுக்கிச் செல்லும் பட்டியலில், சூத்திரங்கள் ஒரு நூல்வகையாக இடம்பெறுகின்றன. ஆக, சிதறிக் கிடப்பவற்றைக் கோத்து நிறுத்துவது என்பதே சொல்லின் நடுப்பொருளாக இருந்திருக்கிறது. மணிகளைத் தாங்கும் இழை மெல்லியதாக இருந்தாக வேண்டும். சுருக்கம் என்ற பொருள் அந்த வழியில் உள்ளே நுழைந்தது.

தமிழும் இதே உருவகத்தைத் தன் சொல்லால் ஆண்டது. நூல் என்பது பருத்தி இழையையும் குறிக்கும், கற்கும் ஏட்டையும் குறிக்கும். நூற்றல் என்ற வினை அதனோடு ஒட்டியது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இழையைக் குறிக்க நூலு என்ற சொல் உண்டு. அதை ஏட்டுக்குப் பெயராக்கி நிலைநிறுத்தியது தமிழ். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்ட, பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இந்தப் பெயர்க்கு இரண்டு விளக்கம் தருகிறது. சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்பவராகவும், அறிவைக் கதிராகவும் காட்டி நூற்கும் தொழிலைப் பாட்டாக்குகிறது ஒன்று. மற்றொன்று தச்சரின் நூலைக் காட்டுகிறது: மரத்தின் கோணலை நூல் பிடித்துத் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல். இந்த இரண்டாம் விளக்கம் கூடுதல் கவனத்துக்குரியது. கோக்கும் இழை என்பதோடு, நேரைக் காட்டும் அளவுகோல் என்ற பொருளையும் அது சேர்க்கிறது. வடமொழியிலும் வேள்விக் குண்டங்களின் வடிவக் கணக்கைச் சொல்லும் சுல்ப சூத்திரங்கள் அளவுக் கயிற்றின் பெயரால் வழங்குகின்றன.

சூத்திரத்தை வரையறுக்கும் முயற்சி தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியம் அதை இரண்டு இடத்தில் செய்கிறது, இரண்டும் ஒன்றுபோல் இல்லை. செய்யுளியலில் நூலின் உறுப்புகளாகச் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என நான்கு சொல்லப்படுகின்றன. அங்கே சூத்திரத்தின் இலக்கணம் தெளிவு: கண்ணாடியில் உருவம் தெரிவதுபோல, தேடி ஆராயும் தேவை இல்லாமல் பொருள் விளங்க வேண்டும். மரபியலில் வரும் வரையறையோ வேறு திசையில் செல்கிறது. எழுத்து சிலவாக இருக்க வேண்டும், உரையைத் தன்னுள் அடக்கியிருக்க வேண்டும், நுண்மை வேண்டும், அசைக்க முடியாத உறுதி வேண்டும், அளக்க முடியாத அரும்பொருள் வேண்டும். முதலாவது பார்த்ததும் விளங்கும் ஒன்றைக் கேட்கிறது. இரண்டாவது உரையின் துணையால் விரியும் ஒன்றைக் கேட்கிறது. மரபியல் பிற்காலச் சேர்க்கை என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், சூத்திரத்தைப் பற்றிய இரண்டு எதிர்பார்ப்புகள் தமிழில் அருகருகே வாழ்ந்தன என்பது உறுதி. நன்னூல் இரண்டையும் ஒரே சூத்திரத்தில் பிணைத்தது: சில எழுத்து, பல பொருள், கண்ணாடித் தெளிவு, திட்பம், நுட்பம்.

வடமொழி மரபில் புராணங்களிலும் உரைகளிலும் திரும்பத் திரும்ப வரும் வரையறை ஆறு பண்புகளைக் கேட்கிறது. எழுத்துக் குறைவு, ஐயமின்மை, சாரம், எல்லாத் திசையும் பார்க்கும் பொதுமை, வெற்றொலி இன்மை, குற்றமின்மை. இவற்றுள் வெற்றொலி என்பதற்கு வழங்கும் சொல் ஸ்தோபம். சாம கானத்தில் பண்ணை நிரப்புவதற்காகப் பொருளின்றி இடப்படும் ஒலிகளின் பெயர் அது. பாட்டுக்கு அவை அழகு, சூத்திரத்துக்கு ஆகாது.

வடிவத்தின் தொடக்கம் வேள்விச் சடங்கில் இருக்கிறது. பிராமணங்கள் எனப்பட்ட விரிவான உரைநடை நூல்கள், ஒரு சடங்கைச் சொல்லும்போதே அதன் கதையையும் காரணத்தையும் சேர்த்துப் பேசின. அவற்றிலிருந்து செயல்முறையை மட்டும் பிரித்தெடுத்து வரிசைப்படுத்தியவை கல்ப சூத்திரங்கள். பெருவேள்விகளுக்குச் சிரௌத சூத்திரம், வீட்டுச் சடங்குகளுக்குக் கிருகிய சூத்திரம், ஒழுக்கத்துக்குத் தர்ம சூத்திரம் என்று அவை பெருகின.

இந்த வடிவம் உச்சியைத் தொட்டது காந்தாரத்துச் சலாதுரத்தைச் சேர்ந்த பாணினியிடம். எட்டு அத்தியாயம், அத்தியாயத்துக்கு நான்கு பாதம் என அமைந்த அவருடைய அஷ்டாத்யாயீ ஏறக்குறைய 4,000 சூத்திரங்களில் ஒரு மொழியின் அமைப்பு முழுவதையும் சொல்லிவிடுகிறது. அந்தச் சிக்கனம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு சூத்திரத்தைக் கொண்டே பார்க்கலாம். இதி, ஆதி என்ற இரண்டும் சேர்ந்து ‘இத்யாதி’ ஆகிறது. தமிழில் இத்தியாதி என்று வழங்குவது அதுதான். இகரம் யகரமாகத் திரிந்தது. இப்படியே உகரம் வகரமாகவும், மற்ற இரண்டு உயிர்கள் ரகர, லகரங்களாகவும் திரியும். இந்த நான்கு திரிபுகளையும், பின்னால் உயிர் வரும்போது என்ற நிபந்தனையையும் பாணினி மூன்றே சொல்லில், ஐந்தே உயிரொலியில் முடிக்கிறார்.

மூன்று ஏற்பாடுகள் இதைச் சாத்தியமாக்கின. முதலாவது, நூலின் முகப்பில் நிற்கும் 14 ஒலி வரிசைகள். ஒவ்வொரு வரிசையின் இறுதியிலும் ஓர் அடையாள மெய் நிற்கும். ஒரு தொடக்க ஒலியையும் ஓர் அடையாளத்தையும் சேர்த்தால் இடையிலுள்ள ஒலிகள் அனைத்துக்கும் அது பெயராகிவிடும். ‘அச்’ என்றால் உயிர் எல்லாம், ‘ஹல்’ என்றால் மெய் எல்லாம். இரண்டாவது, வேற்றுமை உருபுகளுக்குத் தரப்பட்ட சிறப்புப் பொருள். ஆறாம் வேற்றுமை வந்தால் ‘இதன் இடத்தில்’, ஏழாம் வேற்றுமை வந்தால் ‘இதற்கு முன்னே’ என்று கொள்ள வேண்டும். மூன்றாவது அநுவிருத்தி. முன்னொரு சூத்திரத்தில் சொன்ன சொல், மறுபடி சொல்லப்படாமலே கீழுள்ள சூத்திரங்களுக்குள் ஓடி வரும். மேற்காட்டிய விதியில் ‘ஒலிகள் இடைவெளியின்றிச் சேரும்போது’ என்ற நிபந்தனை இல்லவே இல்லை. அது சற்று மேலே ஒருமுறை சொல்லப்பட்டு இறங்கி வருகிறது.

நூலின் கடைசிச் சூத்திரம் இரண்டே அகரம். குறில் அகரத்தையும் நெடில் ஆகாரத்தையும் ஓரினமாகக் கையாள்வதற்காக, குறில் அகரமும் திறந்த ஒலி என்று இலக்கணம் முழுவதும் வைத்துக்கொண்டார் பாணினி. வழக்கில் அது மூடிய ஒலி. வேலை முடிந்ததும், அந்த அகரம் இந்த அகரமே என்று உண்மை ஒலியை மீட்டு வைத்து நூலை மூடுகிறார். அரை மாத்திரை மிச்சப்பட்டால் இலக்கணிகள் மகன் பிறந்ததுபோல் மகிழ்வார்கள் என்று பிற்கால இலக்கண மரபில் ஒரு வழக்கு ஏற்பட்டது. இந்த மகிழ்ச்சியின் நியாயம் அந்த இரண்டு அகரத்தில் தெரிகிறது.

தமிழ்ச் சூத்திரத்தை இந்த அளவுகோலால் அளப்பது தவறு; பலர் அளந்திருக்கிறார்கள். வடமொழி இலக்கணச் சூத்திரம் உரைநடை. தமிழ்ச் சூத்திரம் செய்யுள், பெரும்பாலும் அகவல் யாப்பு. அடி நிரம்ப வேண்டும், எதுகையும் மோனையும் அமைய வேண்டும், ஓசை ஓட வேண்டும். எனவே அரை மாத்திரையை மிச்சம் பிடிக்கும் போட்டியில் அது இறங்கவே இல்லை. வல்லெழுத்து, மெல்லெழுத்து, இடையெழுத்து ஆகியவற்றை தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் தலைக்கு ஓர் அடியாக மூன்று சூத்திரத்தில் முடிக்கிறது, அது சுருக்கம்தான். மாத்திரைக்கு அளவு கண்ணிமையும் கைந்நொடியும் என்று சொல்லும் சூத்திரத்துக்கோ இரண்டு அடி. விதி முதலடியிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டாமடி, நுட்பமாக உணர்ந்தவர்கள் கண்ட நெறி இது என்று முன்னோரைச் சுட்டுவதற்கு மட்டும் நிற்கிறது. என்ப, மொழிப, என்மனார் புலவர் என்று தொல்காப்பியத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் வருவது இத்தகைய சுட்டு. பாணினி இதை வெட்டியெறிந்திருப்பார். தொல்காப்பியர் அதற்கு இடம் கொடுத்தது, விதி தனக்கு முன்பே வழக்கில் இருந்தது என்பதை விதியின் ஒரு பகுதியாகக் கருதியதால். ஓசையுள்ள அடி மனத்தில் தங்குகிறது என்ற நன்மையும் கூடவே கிடைக்கிறது.

தமிழின் சிக்கனம் வேறிடத்தில் இருக்கிறது. முன் சொன்ன விதியை மறுபடி சொல்லாமல் ‘அற்றே’, ‘இயற்றே’ என்று ஒரு சொல்லால் சுட்டிவிட்டுப் போவது புணர்ச்சி இயல்களில் திரும்பத் திரும்ப நடக்கிறது. மரபியல் தொகுக்கும் 32 உத்திகளில் பல, சொல்லாமல் சொல்லும் வழிகள். வந்தது கொண்டு வாராதது உணர்த்தல், மொழியாததனை முட்டின்றி முடித்தல், உய்த்துக்கொண்டு உணர்தல் ஆகியவை இதில் சேரும். உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டும் உடம்பொடு புணர்த்தல் இவற்றோடு வைக்கத்தக்க அழகான உத்தி. ஒரு விதியைத் தனியே விதிக்காமல், வேறொன்றைச் சொல்லும் வாக்கியத்திலேயே அதைப் பயன்படுத்திக் காட்டிவிடுவது அது. பயன்பாடே விதியாகிவிடுகிறது. உரையாசிரியர்கள் ‘இலேசு’ என்று ஒரு சொல் வழங்குவார்கள். சூத்திரத்தில் ஒரு சொல் மிகையாகத் தெரிந்தால், நூலாசிரியர் வீணாகச் சொல்லியிருக்க மாட்டார். அதன்மூலம் சொல்லப்படாத வேறு சில முடிபுகளையும் கொள்ளச் சொல்கிறார் என்று பொருள் எடுப்பார்கள். இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் இந்த வழியில் எத்தனையோ வழக்குகளுக்கு இடம் கண்டிருக்கிறார்கள். சில இடங்களில் இலேசின்மேல் ஏற்றும் சுமை அளவு மீறுகிறது என்பதும் மறுக்க முடியாதது.

சூத்திரங்கள் அடுத்தடுத்து நிற்கும் முறையிலும் பொருள் பொதிந்திருக்கிறது. நன்னூல் அதை நான்காக வகுக்கிறது. ஆற்றுநீர் ஓடுவதுபோல ஒன்றையொன்று தொடர்வது ஆற்றொழுக்கு. சிங்கம் முன்னும் பின்னும் பார்ப்பதுபோல மேலும் கீழும் இயைவது அரிமா நோக்கு. இடையில் சிலவற்றைத் தாண்டிப் போய் இயைவது தவளைப் பாய்த்து. சொல்ல வந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவது பருந்தின் வீழ்வு. ஒரு சூத்திரத்தை அதன் இடத்திலிருந்து பிடுங்கித் தனியே படித்தால் பொருள் குறைபடும் என்பதே இந்த வகுப்பின் அடிப்படை. குறளிலிருந்து சூத்திரம் வேறுபடும் இடமும் இதுதான். திருக்குறளின் ஏழு சீர் தன்னளவில் முடிந்த பேச்சு. எங்கே நிறுத்தினாலும் நிற்கும். சூத்திரம் தன் அண்டை அயலோடு சேர்ந்தே பேசும்.

இத்தனை சுருக்கம் எதற்கு என்ற கேள்விக்குப் பள்ளிப் பாடங்களில் கிடைக்கும் விடை, மனப்பாடம் செய்ய எளிது என்பது. அது பாதி விடை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ரிக் வேத மந்திரங்களையும், நீண்ட உரைநடையான பிராமணங்களையும் எழுத்தின் துணையின்றி ஓதிக் காப்பாற்றிய மரபுக்கு நீளம் ஒரு தடையாக இருந்திருக்க முடியாது. சுருக்கத்தின் பெரும்பயன் பயன்படுத்துகையில் இருக்கிறது. ஒரு சொல் எப்படி ஆகிறது என்று காண்பவருக்கு நூலின் பல மூலைகளில் உள்ள விதிகள் ஒரே நேரத்தில் மனக்கண்முன் வர வேண்டும். பொதுவிதி எது, அதைத் தடுக்கும் சிறப்புவிதி எது, புறநடை எது என்று ஒப்பிட வேண்டும். விதிகள் குறுகியிருந்தால்தான் அந்த ஒப்பீடு மனத்துக்குள் நடக்கும். இன்னொரு பயனும் உண்டு: சுருக்கத்தைத் தேடும்போதுதான் பத்து விதிகளுக்குப் பொதுவான ஒரு விதி கண்ணில் படுகிறது. தொல்காப்பியத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட சூத்திரங்கள் எடுத்துக்கொண்ட எழுத்தையும் சொல்லையும், பாயிரத்தையும் சேர்த்து 462 சூத்திரங்களில் நன்னூல் அடக்கியது.

சுருக்கத்துக்கு விலையும் உண்டு. சூத்திரம் ஆசிரியர் ஒருவர் எதிரே இருப்பதை எதிர்பார்த்து எழுதப்படுவது. ஆசிரியர் மறைந்த பின் உரை அந்த இடத்தில் அமர்கிறது. கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை ஆகியவற்றோடு அளவாக நிற்பது காண்டிகையுரை. எல்லாவற்றையும் விரித்துச் சொல்வது விருத்தியுரை. இறையனார் அகப்பொருள் 60 சூத்திரம் மட்டுமே கொண்டது. அதன் உரை அதைப் போலப் பன்மடங்கு. பத்துத் தலைமுறை வாய்மொழியாகக் கைமாறி வந்த பின்பே அந்த உரை எழுத்தில் ஏறியது என்று உரையே சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞான போதம் 12 சூத்திரம், மொத்தம் 40 அடி. 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் அதற்கு எழுதிய மாபாடியம் சைவ சித்தாந்தத்தின் பேருரையாக நிற்கிறது. அவரே தொல்காப்பியத்தின் பாயிரத்துக்கும் முதற்சூத்திரத்துக்கும் மட்டும் தனியே ஒரு விருத்தி எழுதினார்.

உரைகள் ஒன்றோடொன்று மோதுவது இந்த வடிவத்தின் இயல்பு. தொல்காப்பியச் சூத்திரங்களின் எண்ணிக்கையே உரையாசிரியருக்கு உரையாசிரியர் மாறுகிறது. ஒருவர் இரண்டாகப் பிரித்ததை இன்னொருவர் ஒன்றாகக் கொண்டிருப்பார். சொல்லதிகாரத்தில் சேனாவரையர் இளம்பூரணரை மறுக்கும் இடங்கள் பல. சங்கரர் கணக்கில் 555 சூத்திரம் கொண்ட பிரம்ம சூத்திரம் அவருக்கு அத்வைதத்தையும், இராமாநுசருக்கு விசிட்டாத்வைதத்தையும், மத்துவருக்குத் துவைதத்தையும் தந்தது. இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்தவராக அர்த்தசாத்திர ஆசிரியரைச் சொல்லலாம். உரைகாரர்கள் சூத்திரங்களோடு முரண்படுவதைக் கண்டு விஷ்ணுகுப்தர் சூத்திரத்தையும் உரையையும் தாமே செய்தார் என்கிறது அந்த நூலின் முடிவுரை.

தமிழ் இலக்கணிகள் இந்த அபாயத்தைக் கணக்கில் கொண்டிருந்தார்கள். நன்னூல் நூலுக்குரிய பத்து அழகுகளை எண்ணும்போது சுருங்கச் சொல்லலை முதலில் வைக்கிறது; உடனடுத்து வைப்பது விளங்க வைத்தலை. பத்துக் குற்றங்களை எண்ணும்போது முதலில் நிற்பது குன்றக் கூறல், அடுத்து மிகைபடக் கூறல். அழகுப் பட்டியலின் தலையில் நிற்கும் சுருக்கத்துக்குக் காவலாகக் குற்றப் பட்டியலின் தலையில் குறைபாட்டை நிறுத்தியிருக்கிறார் பவணந்தியார். பொருளுக்கு வேண்டிய ஒன்று விடுபட்டால் அது சுருங்கச் சொன்னது ஆகாது, குன்றச் சொன்னது ஆகும். இவ்வளவு கூர்மையாக இந்த எல்லையைக் கிழித்துக் காட்டும் வேறு வரையறை கிடைப்பது அரிது.

சூத்திரம் என்ற பெயரைத் தாங்கியும் சுருக்கத்தோடு தொடர்பில்லாத ஒரு பெருங்குடும்பம் உண்டு. பௌத்தத்தின் சுத்தங்கள் புத்தரின் உரைகளை விரிவாக, கேட்டவர் கேட்ட சூழலோடு, திரும்பத் திரும்ப வரும் தொடர்களோடு சொல்பவை. தீக நிகாயத்தின் 34 சுத்தங்களும் நீளமானவை. அந்தத் தொகுப்பின் பெயரே நீளத்தைக் குறிப்பது. மகாயானத்தில் பிரஜ்ஞாபாரமித நூலின் மிகப் பெரிய வடிவம் ஒரு லட்சம் வரிகள் கொண்டதாகச் சொல்லப்படுகிறது. இந்த முரண்பாட்டைக் கண்ட அறிஞர் சிலர், பாளிச் சொல்லான சுத்தம், ‘நன்கு சொல்லப்பட்டது’ எனப் பொருள்படும் சூக்தம் என்ற சொல்லின் திரிபு என்றும், பின்னால் வடமொழியாக்கியபோது அது சூத்திரம் ஆகிவிட்டது என்றும் கருதுகிறார்கள். பாளி உரையாசிரியர்களோ சுத்தத்துக்குச் சொல்லும் விளக்கங்களில் இழை என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். சொற்பிறப்பு எதுவானாலும், பௌத்த வழக்கில் சூத்திரம் என்பது அளவைக் குறிப்பதில்லை. புத்தர் சொன்னது என்ற அதிகாரத்தைக் குறிக்கிறது.

தமிழில் சொல் வேறு வழிகளிலும் நடந்திருக்கிறது. இழை என்ற பழம்பொருள் சூத்திரப்பாவையில் எஞ்சியது. கயிற்றால் ஆட்டப்படும் பொம்மை அது. நாடகத்தை நடத்துபவர் சூத்திரதாரி. திரைக்குப் பின்னிருந்து காரியத்தை நடத்துபவரையும் இன்று செய்தித்தாள்கள் அப்படித்தான் அழைக்கின்றன. கயிறும் உருளையும் கொண்டு இயங்கும் பொறிக்கும் சூத்திரம் என்ற பெயர் வழங்கியது. இலக்கண வகுப்பில் இப்போது நூற்பா என்ற சொல்லே பெரிதும் வழங்குகிறது. நூலும் பாவும் சேர்ந்த அந்தச் சொல், தமிழ்ச் சூத்திரம் செய்யுள் என்பதையும் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. கணித வகுப்பில் சூத்திரம் என்ற பழம்பெயரும், வாய்பாடு என்ற பெயரும் சேர்ந்து புழங்குகின்றன. கணினி மொழிகளின் தொடரமைப்பை விதிகளாக எழுதும் பேக்கஸ் முறைக்கும் பாணினியின் முறைக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்ட பீட்டர் இங்கர்மன், 1967இல் அந்த முறைக்குப் பாணினி–பேக்கஸ் வடிவம் என்று பெயரிடலாம் என முன்மொழிந்தார்.